பாம்பின் நஞ்சு காட்டிக்கொடுத்த நோய்

பாலக்காட்டின் கிழக்கே சித்தூர், கொல்லங்கோடு வயல்களில் நல்ல பாம்பு கடித்தவருக்கு இமை சரிந்து, பார்வை இரட்டையாகி, நாக்குக் குழறி, கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடுவது அந்நஞ்சு ஏறும் வழக்கமான வரிசை. பாம்பே தீண்டாத ஒருவரிடமும் ஏறத்தாழ இதே தளர்ச்சி, மணிக்கணக்கில் அன்றி மாதக்கணக்கில், தோன்றக்கூடும். மயஸ்தீனியா கிரேவிஸ் என்னும் இந்நோய் கண்ட பெண்ணொருவர் இடுக்கி எல்லையோரத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் சிரமமின்றிக் கொழுந்து பறிப்பார்; பொழுது ஏற ஏறக் கை தூக்க முடியாமல் இமை கவிழும்; சற்று உட்கார்ந்து எழுந்தால் வலு திரும்பும். ஓய்வில் சரியாகிவிடுவதாலேயே இது அசதி என்றும், கொடுமையாகச் சோம்பல் என்றும் தள்ளப்பட்டுவிடுகிறது.

நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், மிக நுண்ணிய இடைவெளியைக் கடந்து, தசையின் மேலுள்ள ஏற்பி எனும் புரதத்தில் பொருந்தினால்தான் தசை சுருங்கும். நல்ல பாம்பின் நஞ்சு அந்த ஏற்பியின் மேல் அமர்ந்து வழியை அடைக்கிறது. மயஸ்தீனியாவிலோ, கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதமே சொந்த உடலின் ஏற்பியை அயலானாகக் கருதி, அதை மறைப்பதோடு, செல்லுக்குள் இழுத்து அழியச் செய்து, தசையின் மேற்பரப்பையும் சிதைக்கிறது.

இதைக் கண்டறியும் திறவுகோலைத் தந்தது பாம்பின் நஞ்சே. 1963இல் தைவானில் சாங், லீ என்ற இரு அறிஞர்கள் அந்நாட்டுக் கட்டுவிரியனிடமிருந்து பிரித்தெடுத்த ஆல்ஃபா பங்காரோடாக்சின், ஏற்பியைப் பற்றினால் எளிதில் விடுவதில்லை. கதிரியக்க அயோடினால் அதற்கு அடையாளமிட்டால் ஏற்பிகளை எண்ணிவிடலாம். 1973இல் ஃபாம்பரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி ஆகியோர் இவ்வழியில் எண்ணி, நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினர். அதே ஆண்டில் பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குள் செலுத்த, அவை அதற்கெதிராக ஆன்டிபாடிகளை உண்டாக்கித் தளர்ந்து விழுந்தன. உடல் முழுதும் நோய் பரவியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த ஆன்டிபாடி இரத்தத்தில் தென்படுகிறது.

எஞ்சியவர்களில் சிலரிடம் மஸ்க் என்ற வேறொரு தசைப் புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடி இருப்பது 2001இல் தெரியவந்தது. இதேபோலத் தசை தளரும் லாம்பர்ட்-ஈட்டன் என்ற வேறொரு நோயில் ஆன்டிபாடியால் தாக்கப்படுவது நரம்பு முனையிலுள்ள கால்சியம் வழிகள். அந்நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் நுரையீரல் புற்றுநோய் மறைந்திருக்கும். ஆகவே எந்த ஆன்டிபாடி என்பதே சிகிச்சையை முடிவுசெய்கிறது. அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் நியோஸ்டிக்மின் என்ற மருந்து நல்ல பாம்புக் கடியிலும் மயஸ்தீனியாவிலும் உதவும். நரம்பு முனையையே அழிக்கும் நம் ஊர்க் கட்டுவிரியனின் கடியில் பெரிதும் பயன்தராது. மஸ்க் வகையினருக்கும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

மலைத்தோட்டங்களிலிருந்து தேனிக்கோ கோட்டயத்துக்கோ, சித்தூர்ப் பக்கத்திலிருந்து கோவைக்கோ செல்லும் நோயாளி, தம் நோயின் பெயரை மருத்துவச் சீட்டில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். ஏனெனில் காய்ச்சலுக்கென்று போடப்படும் ஜென்டாமைசின் ஊசிகூட இவர்களுக்கு மூச்சை நிறுத்திவிடக்கூடும்.