ராத்திரிச் சமையலும் சங்கக் கூட்டமும்



இந்த வாரம் சம்பளத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அடுப்படியைப் பற்றி எழுதப் போகிறேன். "சங்கத்துக்காரனுக்கு அடுப்படியில் என்னா வேலை?" என்று சிரிக்க வேண்டாம். நம்ம சங்க வேலை அங்கேதான் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம் போட்டோம். கோயில் மண்டபத்தில், இரவு ஏழரை மணிக்கு. வேலைக்காட்டில் பெண்களுக்குக் கழிவறை இல்லை என்பதுதான் அன்றைக்குப் பேச வேண்டிய விஷயம். அந்தத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் ஆண்கள் 22 பேர், பெண்கள் 3 பேர்! அந்த மூவரிலும் ஒருவர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போனார். அடுப்பில் சோறாம். பெண்களின் கஷ்டத்தை ஆண்களாகப் பேசி, ஆண்களாகத் தலையாட்டி, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று கலைந்தோம்.

மறுநாள் காலை பெரட்டில் ஓர் அக்காவைப் பார்த்துக் கேட்டேன். "என்னக்கா, உங்க விஷயத்துக்கு நீங்களே வரலைன்னா எப்படி?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "வர மாட்டேன்னு யாரு சொன்னா தம்பி? ஏழரைக்கு நான் வந்துட்டா எட்டு மணிக்கு எங்க வீட்டுல யாரு தட்டு வைப்பா? நீ வந்து வைக்கிறியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் வராததற்குக் காரணம் உண்டு. என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் இரவு பத்துக்குத்தான் முதுகு பாயில் படும். அவர் அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் வளர்ந்து சங்கத்துக்கு வந்து, உரிமை உரிமை என்று ஊர் ஊராகப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்ட ஆள்தான். மறைப்பானேன்!

கணக்கைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேர வேலை 45 மணி ஆனது. நல்ல காரியம். ஆனால் வெளிக்காட்டு வேலை முடித்து வரும் பெண், அரிசி கழுவுவதில் தொடங்கிச் சட்டி கழுவி முடிக்க ராத்திரிக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் ஆகிறது என்றால், ஆறு நாளைக்கு 15 மணி நேரம். 45-உம் 15-உம் 60. குறைந்த அந்த 3 மணி நேரம் அடுப்படிக்கு எட்டவே இல்லை.

இந்த 15 மணியை எப்படிக் குறைப்பது? இதற்கு வகுப்பெடுக்க நான் யார்? அந்த அக்காவையும் இன்னும் நாலைந்து சகோதரிகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மரத்தடியில் உட்கார வைத்துக் கேட்டேன். அவர்கள் சொன்னதை எழுதுகிறேன்.

முதலாவது, வதக்கல். தினமும் வெங்காயம் உரித்து, இஞ்சி பூண்டு இடித்து, தக்காளி வதக்குவதில்தான் பாதி நேரம் போகிறது. ஓய்வு நாளில் ஒரு கிலோ வெங்காயம், அரைக் கிலோ தக்காளி, இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் நன்றாக வதக்கி, ஆறியதும் ஐந்து டப்பாவில் பங்கு போடுங்கள். மூன்று நாளுக்கு உள்ளது ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில், மிச்சம் உறையும் மேலறையில். ஒரு பங்கில் கறித்தூளும் புளித்தண்ணீரும் விட்டு மீன் போட்டால் மீன் கறி. ஒரு பங்கில் வெந்த பருப்பைக் கொட்டினால் பருப்புக் கறி. அவித்த முட்டை போட்டால் முட்டைக் கறி. ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு சார்டின் டின்னை உடைத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் ராத்திரிச் சாப்பாடு!

இரண்டாவது, மீன். வாங்கி வந்த அன்றே கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, ஒரு வேளைக்கு ஒரு பையாகக் கட்டி உறைய வையுங்கள். காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது ஒரு பையைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் சாயங்காலத்துக்குள் பதமாகிவிடும். ஒரு முறை இளகிய பச்சை மீனைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

மூன்றாவது, பருப்பு. அவசர நாளுக்குத் துவரம் பருப்பைவிட மைசூர்ப் பருப்பு நல்லது. ஊற வைக்காமலேயே இருபது நிமிடத்துக்குள் கரைந்துவிடும். பிரஷர் குக்கர் உள்ளவர்கள் அடியில் பருப்பும் மேல் கிண்ணத்தில் அரிசியும் வைத்தால் ஒரே அடுப்பில் இரண்டும் முடியும். நீராவி அழுத்தத்தில் உள்ளே சூடு 120 டிகிரி வரை ஏறுவதால்தான் அது சீக்கிரம் வேகிறது. கேஸும் மிச்சம்.

நான்காவது, முருங்கைக்கீரை. லயத்துக்குப் பின்னால் சும்மா கிடைக்கும் சத்து. உருவத்தான் நேரமில்லை. முதல் நாள் இரவே கொத்தாக ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். மறுநாள் உதறினால் இலை தானாகக் கொட்டும். காம்பைப் பொறுக்கினால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. நேரம் மிச்சம் என்று காலையில் ஆக்கிய சோற்றைப் பானையிலேயே வைத்து ராத்திரி சூடு காட்டிப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நம்ம வெயிலில் சோற்றில் ஒரு கிருமி பெருகும். அது கக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இன்னொன்று, மருந்தடித்த உடுப்போடு அடுப்படிக்குள் நுழையாதீர்கள். அவசரமானாலும் குளித்து, உடுப்பு மாற்றி, அப்புறம்தான் அரிசியில் கை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா தம்பி? அந்த ஒரு கிலோ வெங்காயத்தை உரிக்கிற ஆளு யாருன்னு கேட்டு எழுது" என்றார்.

அதுதான் விஷயம். ஓய்வு நாள் சமையல் வேலையையும் அவள் ஒருத்தியே செய்தால், ஆறு நாள் சுமையைத் தூக்கி ஏழாவது நாள் தலையில் வைத்ததுதான் மிச்சம். அவளுக்கு அதில் என்ன லாபம்? தோழர்களே, குலை வெட்டும் கைக்கு வெங்காயம் வெட்டத் தெரியாதா? பெரிய பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, அரிசி கழுவி ரைஸ் குக்கர் சுவிட்சைத் தட்டக் கற்றுக்கொள்ளட்டும். நான் இப்போது ஞாயிறு காலையில் வெங்காயம் உரிக்கிறேன். முதல் வாரம் கண்ணீர் வந்தது. இப்போது பழகிவிட்டது.

சங்கமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். சோறு வேகும் நேரத்தில் கூட்டம் வைத்தது எங்கள் தப்பு. அந்தக் கிளையில் அடுத்த கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றினோம். பிள்ளைகளை மண்டபத்தின் பின்பக்கம் ஆண்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள். வந்த பெண்கள் 17 பேர்! எந்த வெட்டுக்காட்டில் கழிவறை வேண்டும், வேலை இடத்திலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம். ஆண்கள் 22 பேரும் சேர்ந்து ஒரு மணி நேரம் பேசியும் அன்றைக்கு எங்களுக்கு அது தோன்றவில்லை. கடிதம் நிர்வாகத்துக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. விடப் போவதில்லை.

சகோதரிகளே, ராத்திரியில் அரை மணி நேரம் மிச்சமானால் அதை இன்னொரு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். காலை நீட்டி உட்காருங்கள். பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தைப் புரட்டுங்கள். மாதத்தில் ஒரு நாள் மட்டும் சங்கத்துக்கு வாருங்கள்.

தோழர்களே, அடுத்த கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால், முதலில் உங்கள் வீட்டு அடுப்படியை நினைத்துப் பாருங்கள்.