எதிராளி இல்லாத இரவு

வைகுண்ட ஏகாதசியன்று உறங்காதிருக்கும் பொருட்டுப் பரமபதப் படத்தைக் கூடத்தில் விரித்து, விடியும்வரை தாயக்கட்டை உருட்டுகிற வழக்கம் முடிச்சூரில் எங்கள் வீட்டிலும் வெகுகாலம் இருந்து வந்தது. பெரிய பாம்பின் வாய்க்குச் சற்று முந்தின கட்டத்தில் தன் காய் நிற்க, பித்தளைக் கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று தயங்குகிற சிறுவனுடைய நெஞ்சு படபடப்பதற்குக் காரணம் அந்தப் படத்துப் பாம்பு அன்று. கட்டை எப்படி விழும் என்பது தெரியாமையே காரணம். வெறுமை, 1, 2, 3 என நான்கு முகங்களுடைய இரு கட்டைகள் 16 விதமாக விழக்கூடும். அவற்றுள் இரண்டே விதங்களில்தான் தாயம் கிடைக்கும். எட்டுக்கு ஒன்று என்னும் அந்தச் சொற்ப சாத்தியத்தை நம்பித்தான், தாயம் போட்டாலன்றிக் காய் இறங்காத ஆட்டங்களில் நம் பாட்டிமார் மணிக்கணக்கில் பொறுமையோடு காத்திருந்தார்கள்.

தனியொருவர் ஆடும் ஆட்டமும் நமக்குப் புதிதன்று. அசோகவனத்தில் அரக்கியர் நடுவே சிறையிருந்த சீதை ஆடியதாகச் சொல்லப்படும் சீதைப் பாண்டி, பல்லாங்குழியில் ஒருவரே ஆடுவது. அதன் ஒரு முறையில், வட்டமாகச் சுற்றிவரும் ஏழு குழிகளில் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 என 28 முத்துகளை இட்டு, ஏழு முத்துள்ள குழியை வாரி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவந்தால், கடைசி முத்து வாரின குழியிலேயே வந்து விழும். அடுத்த குழியில் இப்போது ஏழு முத்து சேர்ந்திருக்கும். அதை வாரி அவ்வாறே போடவேண்டும். ஏழாவது தடவை முடிந்ததும் 28 முத்துகளும் தொடங்கிய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. மனத்துக்கு ஆறுதல் தரும் ஆட்டம் இது; தற்செயலுக்கு இதில் இடமில்லையாதலால் அச்சத்துக்கும் இடமில்லை.

இந்தத் தனிமையையும் அந்தக் கட்டையின் நிச்சயமின்மையையும் ஒருங்கே சேர்த்தால் என்ன விளையும் என்பதற்கு, அமெரிக்காவில் வான் ரைடர் கேம்ஸ் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஃபைனல் கேர்ள்’ என்னும் ஆட்டம் நல்ல உதாரணம். ஏ. ஜே. போர்ஃபிரியோ, இவான் டெரிக் ஆகிய இருவரும் அதை உருவாக்கினார்கள். திகில் திரைப்படங்களில் தோழர் அனைவரும் மாண்டபின் எஞ்சி நின்று கொலைஞனை எதிர்க்கும் பெண்ணுக்கு, கேரல் குளோவர் என்னும் அறிஞர் 1987இல் ஒரு கட்டுரையில் சூட்டிய பெயரே ஆட்டத்துக்கும் பெயராயிற்று. ஆடுபவர் அந்தப் பெண். கொலைஞனை நடத்துவதற்கு எதிரே எவரும் இல்லை. அவன் எங்கே நகர்வான், யாரைத் தாக்குவான் என்பதையெல்லாம் கவிழ்த்து வைத்த சீட்டுக்கட்டே தீர்மானிக்கிறது. ஆட்டுவிக்கும் மனம் ஒன்றில்லாத ஓர் எதிராளியைச் சீட்டுகளையும் விதிகளையும் கொண்டே சிருஷ்டித்திருப்பதுதான் இதன் பிரதானமான யுக்தி.

இதனினும் நுட்பமானது அச்சத்தை அளந்திருக்கும் விதம். ஓடுவதற்கும் தேடுவதற்கும் தாக்குவதற்கும் ஒரு சீட்டை இட்டு ஆறுமுகப் பகடைகளை எறியவேண்டும். 5 அல்லது 6 விழுந்தால் ஜயம். இடைப்பட்ட எண் விழுந்தால், கையிலுள்ள சீட்டுகளைத் தியாகம் செய்து அதை ஜயமாக மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் பலகையின் ஓரத்தில் அச்சத்தின் அளவைக் காட்டும் குறி ஏற ஏற, எறிவதற்குக் கிடைக்கும் பகடைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். மூன்று பகடை எறிந்தால் ஒன்றிலேனும் ஜயம் விழும் சாத்தியம் 100க்கு ஏறத்தாழ 70, இரண்டானால் 56, ஒன்றே ஒன்றானால் 33. அஞ்சியவன் கை நடுங்குகிறது என்று கதாசிரியன் எழுதுவதை, இந்த ஆட்டம் எண்ணாகவே எழுதிக் காட்டிவிடுகிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர்த் தெருக்களில் புகுந்த இரவில், மின்சாரம் அற்ற இருளில் மாடிப்படிகளுள் எத்தனை மூழ்கின, எத்தனை எஞ்சியுள்ளன என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, அச்சத்துக்கு எண்ணிக்கை உண்டு என்பது நன்றாகவே தெரியும்.

ஆடியவர்களுடைய அபிப்பிராயங்களோ இரு கூறாகப் பிரிகின்றன. பகடை கைவிட்டால் எவ்வளவு சாமர்த்தியமும் பயனற்றுப் போகிறதே என்பது ஒரு சாராரின் குறை. அடிப்படைப் பெட்டியோடு கொலைஞனும் இடமும் அடங்கிய வேறொரு பெட்டியையும் வாங்கினாலன்றி ஆடவே இயலாது என்ற மனத்தாங்கலும் உண்டு. அது நியாயமான குறையே. பகடையைப் பற்றிய குறையை மட்டும் என்னால் முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஆடுபவருக்குக் குறிப்பிட்ட அளவு காலம் உண்டு. செயல்களில் செலவிடாது மிச்சம் பிடித்த காலத்தைக் கொண்டே அடுத்த சுற்றுக்கான சீட்டுகளை வாங்கவேண்டும். இப்போதே ஓடிப்போய் ஓர் உயிரைக் காப்பதா, அடுத்த சுற்றுக்கு ஆயத்தம் செய்வதா என்னும் தர்மசங்கடத்தில்தான் ஆட்டக்காரரின் விவேகம் சோதிக்கப்படுகிறது. பகடை உருளும்போது சாமர்த்தியத்தின் பெரும்பங்கு முடிந்துவிட்டிருக்கும். தாயம் விழாததற்காக நம் பாட்டிமார் கட்டையைப் பழித்ததுண்டு; எந்தக் காயை எப்போது நகர்த்துவது என்பதில் அவர்கள் காட்டிய கவனம் அதனால் குறைந்ததில்லை.

மற்றொரு சாராரோ, தோற்ற ஆட்டமே நெடுநாள் நினைவில் நிற்கிறது என்கிறார்கள். அவர்கள் விசேஷமாகக் குறிப்பிடுவது ஆட்டத்தின் கடைசிக் கணத்தை. கொலைஞனுடைய உயிர் வில்லைகள் அனைத்தும் தீர்ந்த பிறகும் ஒன்று மட்டும் கவிழ்ந்தே கிடக்கும். அதைப் புரட்டினால் அவன் மாண்டிருக்கவும் கூடும். புதிய உயிரோடு மீண்டும் எழுந்திருக்கவும் கூடும். எதிரே யாருமற்ற அறையில், அந்தச் சிறு வில்லையைத் தொட்ட விரல் அதைப் புரட்டாமல் சற்று நேரம் அப்படியே நின்றுவிடும்.