மாற்றுத்திறன் குழந்தைகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளின் கடமையும்

கல்விக்கு ஊரார் பொறுப்பேற்பது நம் பகுதிக்குப் புதிய வழக்கமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்தின் பராமரிப்புக்காக மூன்று ஊர்களின் வருவாய் ஒதுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அக்கல்வி அந்நாளில் ஒரு சிலருக்கே கிட்டியது. இன்றோ நமது அரசியலமைப்பு, 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியை அடிப்படை உரிமையாக்கியிருக்கிறது. 'ஒவ்வொரு குழந்தைக்கும்' என்ற சொல்லில் கண் தெரியாத குழந்தையும், காது கேளாத குழந்தையும், நடக்க இயலாத குழந்தையும், மெல்லக் கற்கும் குழந்தையும் அடங்குவர். இதனை வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் எவ்வாறு நடைமுறைக்குக் கொண்டுவரலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நமது நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மட்டும் ஏறக்குறைய 30,000 பேர் இருந்தனர். நாடு முழுவதிலும், 5 முதல் 19 வயது வரையுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளில் நூற்றுக்கு 61 பேரே கல்விக்கூடங்களுக்குச் சென்றுவந்தனர். எஞ்சிய 39 பேரும் கற்க இயலாதவர்கள் என்று கொள்வது பெரும் பிழையாகும். தத்தமக்கு ஏற்ற முறையில் கற்பிக்கப்பட்டால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் கற்கக்கூடியவர்களே.

இக்குழந்தைகள் வீட்டிலேயே தங்கிவிடுவதற்குப் பெற்றோரின் அன்புக்குறைவு காரணமன்று. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் தாய் தந்தையர் இருவருமே வயலுக்குச் செல்லவேண்டியிருக்கிறது. பள்ளிக்கு அழைத்துச் சென்று அழைத்துவர ஆள் இல்லை. மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்ற அச்சம் ஒருபுறம்; 'இது முன்வினைப் பயன்' என்று அக்கம்பக்கத்தார் கூறும் சொல் மறுபுறம். இவையெல்லாம் சேர்ந்து குழந்தையைத் திண்ணையிலேயே இருத்திவிடுகின்றன. ஆகவே இது ஒரு குடும்பத்தின் கவலை மட்டுமன்று, ஊரின் பொறுப்பாகும்.

குறைபாடுகளின் வகைகள்

பாகூர் ஏரிப் பாசன வயலில் பயிரிடும் முறையிலேயே மணப்பட்டின் கடலோர மணலிலும் பயிரிடும் விவசாயி எவருமில்லை. நிலத்தை அறிந்த பிறகே விதையையும் நீரையும் தீர்மானிக்கிறோம். குழந்தையின் குறைபாடு இன்னதென்று அறிந்த பிறகே அதற்குரிய கல்விமுறையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே சிறப்புக் கல்வியின் அடிப்படை.

முதலாவது, செவித்திறன் குறைவு. 'ஊமை' என்று நாம் அழைத்துவந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நாவிலோ தொண்டையிலோ குறை ஏதுமில்லை. பேச்சு என்பது கேட்டுக் கற்பது. காது கேளாததால்தான் அக்குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை செய்து, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் காதொலிக் கருவியும் பயிற்சியும் அளிக்கத் தொடங்கவேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள நெறி. கருவியால் பயன் பெறாதவர்களில் தகுதியுடையோருக்குக் 'காக்ளியர்' கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. சைகை மொழியும் முழுமையான ஒரு மொழியே. அதன் வாயிலாகவும் உயர்கல்வி வரை கற்கலாம்.

இரண்டாவது, பார்வைக் குறைவு. முற்றிலும் பார்வையற்ற குழந்தை, விரல் நுனியால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தில் கற்கிறது. பிரெஞ்சு நாட்டில் 1809 இல் பிறந்து, சிறுவயதிலேயே பார்வையிழந்த லூயி பிரெயில், ஆறு புள்ளிகளைக் கொண்டு அமைத்த முறை இது. தமிழ் எழுத்துக்களுக்கும் பிரெயில் உண்டு. மங்கலான பார்வையுடைய குழந்தைகளோ வேறு வகையினர். அவர்களுக்குப் பெரிய எழுத்துப் புத்தகமும், கரும்பலகைக்கு அருகில் இடமும், போதிய வெளிச்சமும் இருந்தால் சாதாரண வகுப்பிலேயே கற்கலாம்.

மூன்றாவது, உடலியக்கக் குறைபாடு. இவ்வகையில் மூளை முடக்குவாதத்தைச் சிறப்பாகக் குறிப்பிடவேண்டும். இக்குழந்தைகளின் கை கால்கள் விறைத்திருக்கலாம், பேச்சு குழறலாம், வாயில் உமிழ்நீர் வடியலாம். இவற்றைப் பார்த்து அறிவும் குறைவு என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் இவர்களில் பலர் அறிவுத்திறனில் மற்றக் குழந்தைகளுக்கு இணையானவர்கள்.

நான்காவது, அறிவுத்திறன் குறைபாடு. இதனை மனநோயுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. மனநோய் எந்த வயதிலும் தோன்றலாம், மருந்தால் தணிக்கலாம். அறிவுத்திறன் குறைபாடு வளரும் பருவத்திலேயே காணப்படுவது, மருந்தால் மாற்ற இயலாதது, பயிற்சியால் பயன்பெறுவது. பல் துலக்குதலையும் உடை உடுத்துதலையும் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பலமுறை செய்யவைத்துக் கற்பிக்கிறார்கள் சிறப்பு ஆசிரியர்கள். இவ்வாறு கற்ற குழந்தை நாளடைவில் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது.

ஐந்தாவது, ஆட்டிசம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணோடு கண் நோக்காமை, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இது தாயின் வளர்ப்பினால் வருவதன்று.

ஆறாவது, கற்றல் குறைபாடு. இது கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே மிகுதியாகத் தவறாக எண்ணப்படுவது. நன்கு பேசும், கேட்கும், விளையாடும், கணீரெனக் கதை சொல்லும் பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது மட்டும் தடுமாறுகிறது. எழுத்துக்களை இடம் மாற்றி எழுதுகிறது. அல்லது எளிய கணக்கில் திணறுகிறது. 'சோம்பேறி' என்றும் 'மக்கு' என்றும் பெயர் பெற்று, அடி வாங்கி, எட்டாம் வகுப்புக்குள் பள்ளியை விட்டு நின்றுவிடும் பிள்ளைகளில் இத்தகையோரும் இருக்கிறார்கள். இவர்களுக்குத் தேவை தண்டனையன்று. வேறு கற்பிக்கும் முறையும், தேர்வில் கூடுதல் நேரமுமே.

இவர்களன்றி மீத்திறன் மிக்க குழந்தைகளும் உண்டு. வகுப்புப் பாடத்தை மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிட்டுச் சலிப்படைந்து குறும்பு செய்யும் பிள்ளைக்கும் தனிக் கவனம் வேண்டும். குறைபாடும் மீத்திறனும் ஒரே குழந்தையிடம் அமைந்திருப்பதும் உண்டு. குறையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அத்திறன் தெரிவதில்லை.

காலத்தே கண்டறிதல்

பருவத்தே பயிர் செய்ய வேண்டும் என்பதை விவசாயப் பெருமக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. குழந்தையின் மூளை மிக விரைவாக வளர்வது முதல் மூன்று ஆண்டுகளில்தான். அப்பருவத்தில் அளிக்கும் பயிற்சியின் பலன் பின்னர் அளிப்பதற்குக் கிட்டுவதில்லை. 'அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்' என்று கூறிக் காத்திருப்பதால் பொன்னான காலம் வீணாகிறது.

பலத்த ஓசைக்குத் திடுக்கிடாத குழந்தை, ஒன்பது மாதமாகியும் உட்காராத குழந்தை, ஒன்றரை வயதாகியும் நடக்காத அல்லது ஒரு சொல்லும் பேசாத குழந்தை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை, இவர்களை உடனே மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். கண்ணின் பாப்பாவில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும். இச்சீழே கிராமப்புறங்களில் தவிர்க்கக்கூடிய செவிட்டுத்தன்மைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

2013 இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கவேண்டும். வராத குழந்தையைக் குழு காண இயலாது என்பதை நாம் மறக்கலாகாது.

தடுக்கக்கூடியவற்றைத் தடுப்பதும் கடமையே. இளம்பிள்ளை வாதத்தை வெற்றிகொண்டு, 2014 இல் நமது நாடு போலியோ அற்றது எனச் சான்று பெற்றது. கருவுற்ற தாய்க்கு ருபெல்லா கண்டால் பிறக்கும் குழந்தையின் காதும் கண்ணும் இதயமும் பாதிக்கப்படலாம். இதனைத் தடுக்கும் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 இல் தொடங்கியபோது, முதற்கட்டத்திலேயே புதுச்சேரியும் தமிழ்நாடும் இடம்பெற்றன. அயோடின் கலந்த உப்பும், மருத்துவமனைப் பிரசவமும் இவ்வாறே பயனளிப்பவை. நெருங்கிய உறவில், குறிப்பாகத் தாய்மாமனை மணக்கும் வழக்கத்தில், பரம்பரைக் குறைபாடுகள் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. அவ்வாறு மணந்த அனைவருக்கும் இது நேர்வதில்லை. நேர்ந்த குடும்பத்தைப் பழிப்பதும் முறையன்று. எனினும் திருமணப் பேச்சின்போது பெரியவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

சட்டம் அளிக்கும் உரிமைகள்

1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்டு, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 சதவிகிதத்துக்குக் குறையாத இடங்களும், அரசுப் பணிகளில் 4 சதவிகித இடங்களும் ஒதுக்கப்பட வேண்டும். பள்ளிக்கு வரவே இயலாத கடுமையான குறைபாடுடைய குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையை, கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012 இல் செய்யப்பட்ட திருத்தம் வழங்கியிருக்கிறது.

'எங்களுக்குப் பின் இப்பிள்ளையை யார் பார்ப்பார்கள்?' என்பது பெற்றோரின் ஓயாத ஏக்கம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கென 1999 இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட குழு, 18 வயது நிரம்பியவருக்குச் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்கிறது. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே இதற்கு விண்ணப்பிக்கலாம்.

நம் பகுதியில் வசதிகளுக்கும் குறைவில்லை. பிள்ளைச்சாவடியில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்குமான ஆனந்தரங்கப்பிள்ளை அரசு சிறப்புப் பள்ளி இருக்கிறது. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இராமநாதபுரத்தில் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் கிராம சுகாதார நிலையமும், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. வசதிக்கும் குழந்தைக்கும் இடையேயுள்ள சில மைல் தூரத்தைக் கடக்க உதவுவதே நம் பணி.

ஊர் செய்யக்கூடியவை

முதலில், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், சுகாதாரப் பணியாளர் ஆகியோருடன் கலந்து, ஒவ்வோர் ஊரிலும் பள்ளிக்கு வராத மாற்றுத்திறன் குழந்தைகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் கூடாது. அது உதவி செய்வதற்கானது, ஊர்ப்பேச்சுக்கானதன்று.

இரண்டாவதாக, அக்குழந்தைகளுக்குத் தனித்துவ அடையாள அட்டை பெற்றுத் தரவேண்டும். உதவித்தொகைக்கும் கருவிகளுக்கும் இதுவே திறவுகோல். இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். கூலி வேலை செய்வோர் இதற்காகப் பலநாள் வருவாயை இழக்கின்றனர். ஆகவே ஊரிலுள்ள அனைவரையும் ஒரே நாளில் ஒரே வண்டியில் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தால் பெரும் உதவியாகும்.

மூன்றாவதாக, பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை முதலிய கட்டடங்களில் சாய்தளம் அமைக்க வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இருபுறமும் கைப்பிடி வேண்டும். செங்குத்தாகக் கட்டப்பட்ட சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது, பணமே விரயமாகும். கழிவறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருத்தல் அவசியம். பெண் குழந்தைகள் பள்ளியை விட்டு நிற்பதற்குக் கழிவறை வசதியின்மையும் ஒரு காரணம்.

நான்காவதாக, நம் பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டும். நொண்டி, செவிடு, பைத்தியம் என்ற சொற்களைப் பெயராக்கி அழைப்பதை ஊர்ப் பெரியவர்கள் நிறுத்தினால் சிறுவர்களும் நிறுத்துவார்கள். அக்குழந்தைக்கும் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு.

ஐந்தாவதாக, படிப்பு முடிந்த பின் தொழிலுக்கு வழிகாட்ட வேண்டும். நாற்றங்கால் பராமரிப்பு, காளான் வளர்ப்பு, கோழி வளர்ப்பு, தையல், கணிப்பொறி வேலை என ஒவ்வொருவர் திறனுக்கும் ஏற்ற தொழில்கள் உண்டு. விவசாயிகள் தம் பண்ணையில் ஒருவருக்கு வேலை பழக்கினாலும் அது ஒரு குடும்பத்தின் கவலையைத் தீர்க்கும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. ஊரார் ஒன்றுகூடி ஒரு மாலைப்பொழுதில் பட்டியலைத் தொடங்கிவிடலாம். அடுத்த ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும்போது, பட்டியலிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் வகுப்பறையில் ஓரிடம் இருக்குமாறு செய்வதை நமது கொம்யூன்கள் இவ்வாண்டின் பணியாக மேற்கொள்வார்களென நம்புகிறோம்.