மேலே ஒருவர், கீழே ஒருவர்

இந்நாட்டிலே இலையுதிர்காலம் தொடங்கிவிட்டால் நம் தெருக்களில் ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கும். செயின்சோ எனப்படும் சங்கிலி வாளின் இரைச்சல் அது. தலைக்கவசமும் முகத்தை மறைக்கும் வலையும் அணிந்த ஒருவர் 50, 60 அடி உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி கிளை வெட்டிக்கொண்டிருப்பார். நாம் சற்றே நின்று, அண்ணாந்து பார்த்து, "என்ன துணிச்சல்!" என்று வியந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் எவ்வளவு அறிவும் ஒழுங்கும் இருக்கின்றன என்பதை அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிரித்தானியாவில் வீடும் தோட்டமும் வாங்கிக் குடியேறியுள்ள நம்மவர்களுக்கு இதில் ஒரு பொறுப்பும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மரமேறுவது நமக்குப் புதிய தொழில் அன்று. யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் பனையேறுவோர் காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் கத்தியோடு, காலையும் மாலையும் பல பனைகளில் ஏறி இறங்கியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தவறினால் தாங்கிக்கொள்ள அவர்களுக்குக் கயிறு இல்லை. விழுந்து முதுகெலும்பு முறிந்து, ஆயுள் முழுவதும் பாயோடு கிடந்தவர்கள் உண்டு. அவர்களை நம் சமூகம் எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதும் நமக்குத் தெரிந்ததே.

இங்குள்ள மரத் தொழிலாளரின் நாள் காலை ஏழு மணியளவில் தொடங்குகிறது. வாள்களைத் தீட்டி, எண்ணெய் ஊற்றி, கயிறுகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்து வண்டியில் ஏற்றுவார்கள். ஏறுவதற்குரிய கயிறு, இடுப்புவார் முதலியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் ஒருவர் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு வந்த விதி.

வேலை நடக்கும் இடத்துக்குச் சென்றதும் உடனே ஏறிவிடுவதில்லை. முதலில் மரத்தைச் சுற்றி வருவார்கள். அடியிலே காளான் முளைத்திருக்கிறதா, தண்டு தட்டினால் வெற்றொலி கேட்கிறதா, மின்கம்பி அருகில் போகிறதா, பறவைக் கூடு உண்டா என்று பார்ப்பார்கள். குஞ்சு வளரும் கூட்டைக் கலைப்பதும், வௌவால் தங்கும் பொந்தைக் குலைப்பதும் இந்நாட்டில் குற்றம். பின்னர் ஆபத்துகளை எழுதி வைப்பார்கள். அந்த இடத்தின் முகவரி, அம்புலன்ஸ் வரும் வழி, அண்மையிலுள்ள அவசர சிகிச்சை வைத்தியசாலை ஆகியவையும் அத்தாளில் இருக்கும். நோயாளி உருவாகும் முன்பே வைத்தியசாலையைத் தேடி வைக்கும் தொழில் இது!

அடுத்து, சிறு மணல் பையொன்றை மெல்லிய நூலில் கட்டி உயரமான ஒரு கவட்டின் மேலாக எறிவார்கள். அந்த நூலைக் கொண்டு ஏறும் கயிற்றை மேலே இழுப்பார்கள். கயிற்றிலே சுமை விழுந்தால் இறுகவும், சுமை நீங்கினால் வழுக்கவும் செய்யும் ஒருவகை முடிச்சு உண்டு. ஆஸ்திரியரான கார்ல் புரூசிக் 1931இல் மலையேறுவோருக்காக வெளியிட்ட முடிச்சும் அதன் வழிவந்த பலவுமே இன்றும் இவர்களைத் தாங்குகின்றன. வாளை இயக்கும்போது ஏறும் கயிற்றோடு இன்னொரு குறுங்கயிற்றாலும் தம்மை மரத்தோடு பிணைத்துக்கொள்வார்கள். வாள் தவறி ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றது தாங்கும்.

வாளின் சங்கிலி செக்கனுக்கு 20 மீற்றருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. ஆகவே அவர்கள் அணியும் காற்சட்டைக்குள் நீண்ட இழைகள் பல அடுக்காக வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். சங்கிலி துணியைக் கிழித்ததும் அந்த இழைகள் சிக்கி வாளையே நிறுத்திவிடும்.

ஒரு வைத்தியன் என்ற முறையில் என் கவனத்தை ஈர்ப்பவர் மேலே தொங்குபவரைவிடக் கீழே நிற்பவரே. விழும் கிளையைக் கயிற்றால் மெல்ல இறக்குவதும், வழிப்போக்கரைத் தடுப்பதும், கிளைகளை அரைக்கும் இயந்திரத்தில் இடுவதும் அவர் வேலைகள். ஆனால் முக்கியமான கடமை வேறு. மேலே இருப்பவருக்கு விபத்து நேர்ந்தால் ஏறிச்சென்று அவரை இறக்கத் தெரிந்த ஒருவர், அதற்கான கருவிகளோடு கீழே இருந்தாக வேண்டும். ஏன்? பெரிய நாடி ஒன்று அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். அம்புலன்ஸ் வந்தாலும் அதிலுள்ளோர் மரமேறப் பயின்றவர்கள் அல்லர். காயம் இல்லாமலேயே மயங்கி அசைவின்றித் தொங்கினாலும் ஆபத்துத்தான். இரத்தம் கால்களில் தேங்கி, இதயத்துக்கும் மூளைக்கும் போவது குறைகிறது. அப்படி இறக்கியவரை உடனே படுக்க வைக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று பின்னர் தெளிவாயிற்று. விரைவாக இறக்கிப் படுக்க வைத்து, வழக்கமான முதலுதவி செய்வதே சரி.

விபத்தில்லாமல் உடலைத் தின்னும் நோய்களும் உண்டு. வாளின் அதிர்வு பல ஆண்டுகள் கைகளில் ஏறினால் குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். பின்னர் சட்டைப் பொத்தான் போடுவதே கடினமாகிவிடும். நரம்பு கெட்டபின் மீள்வது அரிது. இரைச்சல் செவியைக் கெடுக்கும். தோளும் முதுகும் தேயும். 2006இல் லண்டனில் காணப்பட்ட, ஓக் மரங்களில் ஊர்வலமாகச் செல்லும் கம்பளிப்புழுவின் மயிர்கள் தோலில் தடிப்பையும், கண்ணில் எரிவையும், சிலருக்கு மூச்சுத் திணறலையும் தருகின்றன.

மரங்களின் நோய்களும் இவர்கள் தொழிலை மாற்றியிருக்கின்றன. எல்ம் மர நோய் 1960களின் பிற்பகுதியிலிருந்து கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. 1987 ஒக்டோபர் புயல் ஒரே இரவில் ஏறத்தாழ 1.5 கோடி மரங்களைச் சாய்த்தது. 2012 முதல் ஆஷ் மரங்களைப் பூஞ்சண நோய் வாட்டுகிறது. நோயுற்ற ஆஷ் மரம் எச்சரிக்கையின்றி மளுக்கென்று முறியும். நல்ல மரத்தில் பயமின்றி ஏறுபவர்களும் அதில் ஏற மறுத்து, இயந்திரத் தூக்கியில் நின்றே வெட்டுகிறார்கள். மறுக்கத் தெரிவதும் இத்தொழிலில் ஒரு திறமையே.

இவர்களை வெறும் வெட்டுக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க வனத்துறையில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ (1930-2006) ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து ஆராய்ந்தார். நம் உடலில் புண் ஆறுவது போல மரத்தில் ஆறுவதில்லை. மரம் காயத்தைச் சுற்றி மதிலெழுப்பி, அழுகலை உள்ளே அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது என்று அவர் காட்டினார். அதனால் கிளை தண்டோடு சேருமிடத்திலுள்ள புடைத்த வளையத்தை வெட்டாமல் விடவேண்டும் என்பது இன்றைய பாடம். வெட்டிய இடத்தில் தார் பூசும் பழைய வழக்கமும் கைவிடப்பட்டது. எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை அறிந்தவரே நல்ல சத்திரசிகிச்சை வைத்தியர், மரத்துக்கும் அப்படியே.

இனி நம் பொறுப்பு. வாசல் மணியை அடித்து, "உங்கள் மரத்தை இன்றைக்கே மலிவாக வெட்டித் தருகிறோம்" என்பவர்கள் நம்மவர் வீடுகளுக்கும் வருகிறார்கள். மலிவு எப்படி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மரம் அதேதான், வாள் அதேதான். கூலி குறையும்போது முதலில் இல்லாமற் போகிறவர் கீழே நிற்கும் அந்த இரண்டாமவர். பின்னர் காப்புறுதி போகும், பயிற்சி போகும். நாம் மிச்சம் பிடிக்கும் சில நூறு பவுண்கள் மேலே தொங்கும் ஒருவரின் உயிரிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்கலாம்.

ஆகவே, வேலை கொடுக்கும் முன் காப்புறுதிப் பத்திரத்தையும் சங்கிலி வாள் பயிற்சிச் சான்றிதழையும் கேளுங்கள். "இருவரில் யார் ஏறிக் காப்பாற்றப் பயின்றவர்?" என்றும் கேளுங்கள். நல்ல தொழிலாளர் இக்கேள்வியால் மனம் நோகமாட்டார், மகிழ்வார். மரம் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டதா என்று உள்ளூராட்சி மன்றத்தில் விசாரியுங்கள். அனுமதியின்றி அத்தகைய மரத்தை அழித்தால் அபராதத்துக்கு வரம்பில்லை. பாதுகாப்புப் பகுதியில் வீடிருந்தால் ஆறு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும்.

குளிர்காலத்தில் அவர்கள் உங்கள் தோட்டத்துக்கு வந்தால் சூடான தேநீர் கொடுங்கள். அது விருந்தோம்பல் மட்டுமன்று. வெளுத்த விரல்களுக்கு அந்தக் கோப்பையின் சூடு நல்ல மருந்து. ஊரிலே பனையேறியவருக்கு நம் முற்றத்தில் கிடைக்காத மதிப்பை, இங்கே ஓக் மரமேறுபவருக்காவது நம் வாசலில் கொடுப்போமாக.