மின்னல் விரும்பும் ஊர்கள்

சித்திரை, வைகாசி மாதங்களில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பகலெல்லாம் வெயில் வாட்டி எடுக்கும். அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தால், ஏலகிரிப் பக்கமோ ஜவ்வாது மலைப் பக்கமோ கருமேகம் திரண்டு நிற்கும். மாடியில் காயும் துணிகளை எடுக்கப் பெண்கள் ஓடுவார்கள். தொழிற்சாலை முற்றத்தில் உலரப்போட்ட தோல்களை அள்ளத் தொழிலாளர் விரைவார்கள். மழைக்கு முன்பே மின்னல் வந்துவிடும்.

வெயில் மட்டுமே காரணமென்றால் அரபுப் பாலைவனத்தில்தான் மின்னல் மிகுந்திருக்க வேண்டும். ரியாத்திலும் குவைத்திலும் பணிபுரியும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கோடையில் அங்கே இடியோசை அபூர்வம். வெப்பம் உண்டு, ஈரம் இல்லை. கடலிலோ ஈரம் உண்டு. ஆனால் நீர்ப்பரப்பு நிலத்தைப் போல விரைவாகச் சூடேறுவதில்லை. ஆகவே கடலைவிட நிலத்தின் மீது ஏறத்தாழ 10 மடங்கு மின்னல் தோன்றுகிறது.

சூடேறிய ஈரக்காற்று வேகமாக மேலெழும்போது அதிலுள்ள நீர் உறைகிறது. பனித்துகள்களும் கனத்த பனிக்குருணைகளும் மோதி மின்னூட்டம் பிரிகிறது. இலேசானவை நேர்மின்னூட்டத்துடன் மேலே செல்ல, கனத்தவை எதிர்மின்னூட்டத்துடன் கீழே தங்குகின்றன. வேறுபாடு மிகும்போது பாய்வதே மின்னல். காற்று மேலேற மலைகள் துணை செய்கின்றன. நம் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் கோடை வெப்பம், வங்கக்கடல் ஈரம், இருபுற மலைகள் ஆகிய மூன்றும் சேர்கின்றன. நிலம் குளிர்ந்துவிட்ட கார்த்திகை அடைமழையில் இவ்வளவு இடி இராது.

இம்மூன்றும் உச்சத்தில் கூடும் இடம் தென் அமெரிக்காவின் வெனிசுலா நாட்டிலுள்ள மரக்காய்போ ஏரி. ஏரியாயிற்றே என்று வியக்க வேண்டாம். அதன் நீர் வெதுவெதுப்பானது. இரவில் ஆண்டிஸ் மலைகளிலிருந்து இறங்கும் குளிர்காற்று ஏரியின் மேல் வந்து கூடி, ஈரக்காற்றை மேலே தள்ளிவிடுகிறது. 1998 முதல் 2013 வரை துணைக்கோள் திரட்டிய கணக்கின்படி, அங்கே சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 233 மின்னல்கள்; ஏறத்தாழ 300 இரவுகள் இடிமுழக்கம்!

நம் நாட்டில் அவ்வளவு இல்லைதான். ஆயினும் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாகின்றனர். வயல்வெளியில் நிற்பவர்களும் மழைக்கு மரத்தடியில் ஒதுங்குபவர்களுமே பெரும்பாலும் இவ்வாறு இறக்கின்றனர். இடியோசை கேட்டவுடன் துணியும் தோலும் நனைந்தால் நனையட்டும் என்று கட்டடத்துக்குள் வந்துவிடுங்கள். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழித்தே வெளியே செல்லுங்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நம்மையும் மின்சாரம் தாக்கும் என்று அஞ்சி விலகி நிற்போர் இன்றும் உண்டு. அவர் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. மூச்சு நின்றிருந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை மார்பை விடாமல் அழுத்திக்கொண்டே இருங்கள்.