படத்தில் யார் விவசாயி?

போன வருசம் எங்கள் வல்லம் பக்கம் இயற்கை விவசாயப் பயிற்சிக்கு ஒரு பேனர் அடித்தோம். மல்லாட்டை ஆயும் பெண்களை நான்தான் செல்போனில் படம் எடுத்தேன். பேனர் வந்தப்போ பார்த்தால், மேலே எங்கள் ஆம்பளை ஆட்கள் ஏழு பேர் முகம், கீழே காயோடு ரெண்டு கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரம்மா பார்த்துவிட்டு, "காய் இருக்கு, கை இருக்கு, நான் எங்கப்பா?" என்றார். எனக்குப் பதில் வரல.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டில் சாகுபடி நிலத்தை நடத்துபவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம் என்றே பதிவாகியிருக்கிறது. நாற்று நடுவது, களை எடுப்பது, விதை காப்பது யார் என்று நமக்குத் தெரியும். பட்டாவில் பேர் இல்லாதவர் படத்திலும் இல்லையென்றால், பயிற்சிக்கும் அவரைக் கூப்பிடத் தோணாது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் கிராமப் பெண்களின் உழைப்பைப் படமெடுத்துக் கண்காட்சியாக்கினார். பஸ் ஸ்டாண்டு, ஆலை வாசல், விவசாயத் தொழிலாளர் கூட்டம் என உழைக்கிறவர்கள் இருக்கும் இடத்துக்கே அது போனது. தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம், டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியைச் சேர்ந்த தலித் பெண்கள் தாங்களே கேமரா பிடித்தார்கள். வாரங்கல் விவசாயிகள் பி.டி. பருத்தியில் பட்ட நஷ்டத்தைப் படமாக்கினார்கள்.

நாங்கள் இப்போது கடைப்பிடிப்பது இவ்வளவுதான்:

• கேட்டுவிட்டுத்தான் எடுப்போம். எங்கே போடப்போகிறோம் என்றும் சொல்வோம். வேணாம்னா விட்டுடுவோம்.

• வரப்பில் நின்றபடி குனிந்த முதுகை எடுக்க மாட்டோம். கூடவே உட்கார்ந்து, முகம் தெரிய எடுப்போம்.

• 'கூலிப் பெண்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், சம்மதித்தால் பேரும் ஊரும் செய்யும் வேலையும் போடுவோம்.

• காலனிக்காரர்கள், இருளர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று நிலத்தில் பாடுபடும் எல்லோரையும் சேர்ப்போம். ஆனால் பேனரில் சேர்த்துவிட்டு மேடையில் நாற்காலி போடாவிட்டால், அந்தப் படம் பொய்தான்.

• அழுத முகத்தைக் காட்டி இரக்கம் தேட மாட்டோம். அவர்களுக்குத் தெரிந்த தொழிலைக் காட்டுவோம்.

இந்த வருசப் பயிற்சியில் மல்லாட்டை விதைக்காய் பொறுக்குவதைச் சொல்லித் தந்தது அந்தம்மாதான். பேனருக்கு எந்தப் படம் போடணும்னு முடிவு பண்ணினதும் அவங்கதான்.