தாடை அறுவை சிகிச்சை: போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னால் வளர்ந்திருந்தது. முன்பற்கள் ஒன்றோடொன்று சரியாகச் சேராது. ஊட்டி வர்க்கியைக்கூட கடைவாயில் வைத்துத்தான் உடைக்கணும். 23 வயதில் அறுவை சிகிச்சை என்று முடிவானதும் பைக்காராவில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அழகுக்காகவா இவ்வளவு ரிஸ்க்?" முகம் மாறும், உண்மைதான். ஆனால் முதல் நோக்கம் கடிப்பதும் மெல்லுவதும் சரியாவது.

இது புதிய வைத்தியம் இல்லை. 1849-ல் அமெரிக்காவில் சைமன் ஹல்லிஹென் என்பவர், தீக்காயத் தழும்பால் தாடை கோணிப்போன ஒரு பெண்ணுக்குக் கீழ்த்தாடை எலும்பை வெட்டிச் சரிசெய்தார். இன்று பரவலாகச் செய்யப்படும் முறைக்கு வழிபோட்டவர் ஹ்யூகோ ஓப்வெகெஸர். 1950-களில் அவர் வாய்க்குள்ளிருந்தே கீழ்த்தாடையின் பின்பகுதியை நீளவாக்கில் இரண்டு பலகைகளாகப் பிளந்தார். பிளந்த பலகைகளை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தினாலும் எலும்பும் எலும்பும் ஒட்டி நிற்கும். அதனால் நன்றாகச் சேரும். வெட்டு உள்ளே என்பதால் பொதுவாக முகத்தில் தழும்பு தெரியாது.

பலருக்குத் தெரியாத விஷயம், அறுவை சிகிச்சை இதன் நடுப்பகுதி மட்டும்தான். வளர்ச்சி நின்ற பிறகே செய்வார்கள். அதற்கு முன் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பல்லுக்குக் கிளிப். தாடையின் கோணலுக்கு ஏற்ப பற்கள் தாமாகவே சாய்ந்து சமாளித்திருக்கும். கிளிப் அந்தச் சாய்வை நிமிர்த்தும். அதனால் ஆபரேஷனுக்கு முன் பார்க்க இன்னும் மோசமாகத் தெரியும். எனக்கும் கீழ்வரிசை இன்னும் வெளியே வந்தது. பயந்துட்டேன். முன்பே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

எங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோயம்புத்தூர் போக 100 கிலோமீட்டருக்கு மேல். மாதாமாதம் கிளிப் முறுக்க ஒரு முழுநாள் போகும், ஒருநாள் கூலியும் போகும். அதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கணும்.

ஆபரேஷன் முழு மயக்கத்தில் நடக்கும். எலும்பைப் புது இடத்தில் டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும் பிடித்துக்கொள்ளும். முன்காலத்தில் தகடு இல்லாமல் வாரக்கணக்கில் வாயைக் கம்பியால் கட்டி வைப்பார்கள். இப்போது பெரும்பாலும் ரப்பர் பேண்டுதான். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தில் இருக்கும். கண்ணாடி பார்க்காமல் இருப்பது நல்லது! தலையை உயர்த்திப் படுக்கணும். சாப்பாடு ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணி, மோர், வடிகட்டின ரசம்; எல்லாம் ஊசியில்லா சிரிஞ்சில்தான். எடை குறையும். எலும்பு சேர ஆறு வாரமாவது ஆகும். முகம் முழுசாக அமைய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம். நடுவில் மறுபடியும் சில மாதம் கிளிப்.

மலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரப்பர் பேண்டோடு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது வாந்தி வந்தால் ஆபத்து. வாந்தி மாத்திரை பற்றியும், அவசரத்துக்கு ரப்பரை எப்படி வெட்டுவது என்றும் டாக்டரிடம் கேட்டு வையுங்க. சின்னக் கத்தரிக்கோல் கூட வருபவர் பையில் இருக்கணும். எங்க அம்மா பர்லியாறிலிருந்து குன்னூர் வரை அதைக் கையிலேயே பிடிச்சிட்டு வந்தாங்க.

பெரிய விலை நரம்பில்தான் இருக்கு. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு, பிளக்கும் எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. நரம்பு அறுபடாவிட்டாலும் இழுபட்டாலே மரத்துப்போகும். உதட்டு அசைவு போகாது, உணர்வுதான் போகும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பும். சிலருக்கு ஒரு பகுதி திரும்பாமலே நிற்கும். எனக்கு முகவாயின் இடப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவு இன்னும் மரத்தே இருக்கு. குளிரில் டீ குடிக்கும்போது அங்கே வழிந்தால் தெரியாது. எதிரில் இருப்பவர்தான் சொல்லணும்.

அதனால் சர்ஜனிடம் முதலில் கேளுங்க: "உணர்வு திரும்பாவிட்டால் என்ன செய்வது?" நழுவாமல் பதில் சொல்பவரை நம்பலாம். எனக்கு அந்தக் காசளவு இடம் போனது, வர்க்கியை முன்பல்லால் கடிக்க முடிந்தது. எனக்குச் சம்மதம். உங்களுக்குச் சம்மதமா என்பதை நீங்கதான் யோசிக்கணும்.